சாக்கடைக்கு முன்னால் பட்டுச்சேலைகள்

படித்துறைக்குச் சற்று மேலே ஊர்ச் சாக்கடை தாமிரபரணியில் விழுகிறது. அதற்குக் கீழேதான் பீடி சுற்றும் தெருப் பெண்களும் பிள்ளைகளும் குளிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. மனு கொடுத்துக் கொடுத்து அந்தப் பெண்களுக்குக் கை சலித்துவிட்டது.

நான் வேலைபார்க்கும் தொண்டு நிறுவனத்துக்கு அப்போது ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு யோசனை வந்து சேர்ந்தது. அங்கே ஒரு கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தார்களாம். உடைந்த அடிபம்பை அவர்களே படமெடுத்துக் கண்காட்சி வைத்தார்களாம். அதிகாரி வெட்கப்பட்டுச் சரிசெய்தாராம். பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைத் திரையில் காட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. நம்மூர் அதிகாரிக்கும் வெட்கம் இருக்கும் என்று நம்பியவன் நான்.

"உங்க பிரச்சினைய நீங்களே படம் எடுங்க" என்று பீடித் தெருப் பெண்கள் குழுவிடம் கேமராக்களைக் கொடுத்தோம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் படங்கள் வந்தன. படித்துறையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். பட்டுச்சேலை, தலைநிறையப் பிச்சிப்பூ, பிள்ளைகள் முகத்தில் பவுடர். எல்லாப் படத்திலும் அதே வரிசை. படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி, குழுத் தலைவியான அக்காவிடம் கேட்டேன்.

"சாக்கடை எங்கக்கா?"

"எங்க முதுகுக்குப் பின்னால கெடக்கு."

"அதத்தான எடுக்கச் சொன்னேன்?"

"நல்லாருக்கே. நாலு பேரு பாக்குத படத்துல நாத்தத்தையா காட்டுவாவ? ஒங்க கல்யாண ஆல்பத்துல கக்கூஸு இருக்கா அண்ணாச்சி?"

ஆப்பிரிக்காவின் மானம் என் கையில். வெளிச்சம் போகுமுன் நானே எடுத்துவிடுவது என்று படித்துறைக்கு ஓடினேன். மக்களே எடுக்க வேண்டும் என்ற தத்துவத்தைச் செருப்போடு சேர்த்து மேல்படியில் கழற்றி வைத்தேன். சாக்கடை ஓரம் போய், கோணத்துக்காக ஓர் எட்டு பின்னால் வைத்தேன். பாசி. அடுத்த கணம் இடுப்பளவு ஊர்க்கழிவில் நின்றுகொண்டு, கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அலறினேன்.

அக்கா வந்தாள். கை கொடுக்கவில்லை, கேமராவை வாங்கினாள்.

"அப்பிடியே நில்லுங்க அண்ணாச்சி. வெளிச்சம் நல்லாருக்கு."

மறுநாள் கண்காட்சியில் அதிகாரி பட்டுச்சேலைப் படங்களைக் கடந்துவந்து அந்தப் படத்தின் முன் நின்றார்.

"யாரு இது?"

"எங்க அண்ணாச்சிதான் சார். பிரச்சினைக்குள்ள நிக்காரு" என்றாள் அக்கா.

உடனே நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார். எடுத்தார். சாக்கடை ஓரத்தில் கம்பித் தடுப்பும் 'வழுக்கும், கவனம்' என்று ஒரு பலகையும் வந்தன. சாக்கடை பழையபடி ஆற்றில்தான் விழுகிறது. பிள்ளைகள் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள்.

"கேமராவத் தாங்க அண்ணாச்சி. பலகையத் தொறந்துவைக்க அதிகாரி வாராராம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர நிப்பாட்டி ஒரு படம் எடுக்கணும்."

பாசி எந்த இடத்தில் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கேமராவோடு நானும் கிளம்பினேன்.