பதினேழாவது எழுத்து

மந்தைவெளியில் நான் ஏறிய பேருந்து அடையாறு பாலத்தின் மேல் பிரேக் அடித்தபோதுதான் அந்த யோசனை தொடங்கியது. காலை நேரக் கூட்டம். "உள்ள போ நைனா, உள்ள காலியா கீது பாரு" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு குடையைச் செருகக்கூட இடமில்லை. பிரேக்கில் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம், யாரும் விழவில்லை. ஒருவர்மேல் ஒருவர் அழுந்தி நின்றதால் கூட்டமே எங்களைத் தாங்கிக்கொண்டது. அடுத்த நிறுத்தத்தில் நடுவில் நின்றிருந்த பருமனான ஒருவர் இறங்கினார். அதற்கடுத்த பிரேக்கில், அவரிடமிருந்து நான்கு ஆள் தள்ளி நின்ற ஒரு பெண்மணி நேராக என் தோள்மேல் வந்து விழுந்தார். அவர் அந்த மனிதரைத் தொட்டுக்கொண்டுகூட நிற்கவில்லை.

யாரை எடுத்தால் மொத்தக் கூட்டமும் தளர்கிறது? புரதத்தைப் பார்த்தும் இதையே கேட்கலாமே. என் நிறுத்தம் வருவதற்குள் மனத்துக்குள் பாதி புரோகிராம் எழுதிவிட்டேன்.

அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கணினி வேலை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. அது சுருண்டு மடிந்து பந்தாகும்போது, சங்கிலியில் எங்கோ தள்ளி இருந்த இரண்டு அமிலங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எது எதைத் தொடுகிறது என்று கணக்கெடுப்பது பலர் செய்த வேலைதான். நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பெண். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடுகிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே நெருங்க நெருங்க மதிப்பெண் ஏறும். அதிக மதிப்பெண் யாருக்கோ, அவரை எடுத்தால் பந்து தளர வேண்டும்.

சாப்பாட்டு வேளைக்குள் பட்டியல் வந்துவிட்டது. முதலிடத்தில் அறுபத்தொன்றாம் எண், லைசின் என்ற அமிலம். அதன் ஜோடி தொண்ணூற்றெட்டாம் எண், ஒரு குளுட்டமைன். இரண்டுமே பந்தின் வெளிப்பக்கம் இருப்பவை. பந்தைத் தாங்குபவை பெரும்பாலும் உள்ளே இருக்கும். வெளியே நிற்கும் ஒன்று மொத்தத்தையும் பிடித்துவைத்திருக்கிறது என்றால் அது பெரிய சமாசாரம். ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "புதுசா இருக்கே" என்றார். அவர் வாயில் அது மாலை மரியாதை மாதிரி.

அந்தப் பட்டியலை நம்பி வேலையில் இறங்கியது அக்கா. சொந்த அக்கா இல்லை; எனக்கு மூன்று வருடம் மூத்தவள், ஆய்வின் கடைசி வருடம். ஆய்வேட்டில் ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. அவளுடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறது. உதவித்தொகை முடிகிற அன்றைக்கு அவள் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த விஷயம். அதற்குள் அத்தியாயம் முடிய வேண்டும்.

அறுபத்தொன்றை வெட்டி, அங்கே சின்னதாக ஓர் அலனினை வைத்து, அக்கா புரதத்தைத் தயாரித்தாள். சூடுபடுத்திப் பார்த்தாள். வெட்டாத பழைய புரதம் எந்தச் சூட்டில் அவிழ்ந்ததோ, அதே சூட்டில் இதுவும் அவிழ்ந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. மறுபடி செய்தாள். அதே கோடு. மூன்றாம் முறை முதலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிச் செய்தாள். அதே கோடு. இப்படி மூன்று மாதம்.

"கை சுத்தம் பத்தலையோ?" என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சார் கேட்டார். அன்று நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "பழைய புரதம் கொஞ்சம் கலந்திருக்கலாம் சார்" என்றேன். கணக்கு தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துளி அளக்கும் பிப்பெட்டை அக்கா பிடிக்கும்போது தன் விரல்களையே உற்றுப் பார்க்கத் தொடங்கியதை அதற்குப் பிறகு பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன சனிக்கிழமை. பக்கத்து மேசைக்காரன் என் போஸ்டருக்கு அந்த லைசின், குளுட்டமைன் ஜோடியைப் படம் போட்டுக்கொண்டிருந்தான். ராயப்பேட்டைக்காரன், வீட்டில் உருது, வெளியே சுத்தமான மெட்ராஸ் பாஷை. தோல் பை தைக்கிற குடும்பத்தில் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் ஆள். அழகாக நிறம் கொடுப்பான். பெண் என்றாலும் என்னையும் மச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"மச்சி, இங்க வா. இன்னா இது, உன் ஹீரோ ஹீரோயின் ஒருத்தர் மடியில ஒருத்தர் குந்திகினு கீறாங்க?"

"நெருக்கம்தான்டா. அதனாலதான் முதல் இடம்."

"இவ்ளோ நெருக்கமா? அளந்து பாரேன்."

அளந்தான். ஒன்றேகால் ஆங்ஸ்ட்ராம். பிணைப்பு இல்லாத இரண்டு அணுக்கள் அவ்வளவு கிட்டே வரவே முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். திரையைத் திருப்பிக் காட்டினான். ஓர் அமிலத்துக்குச் சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கை ஒன்றுதான். லைசினுக்கு இரண்டு கைகள் இருந்தன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். குளுட்டமைனுக்கும் இரண்டு.

"நீ இத தொறந்தே பாத்தது இல்லியா?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

பார்த்ததில்லை. எண்களாக மட்டுமே படித்திருந்தேன். புரதத்தின் அணுக்களை வரிவரியாக எழுதிய ஃபைலைத் திறந்தேன். எக்ஸ் கதிரில் எடுக்கும் படம் கோடிக்கணக்கான பிரதிகளின் சராசரி. சில பிரதிகளில் ஓர் அமிலத்தின் கை இப்படி இருக்கும், சிலவற்றில் அப்படி. எடுத்தவர்கள் நேர்மையாக இரண்டையும் எழுதி, ஒவ்வொரு வரியிலும் பதினேழாவது இடத்தில் ஏ என்றோ பி என்றோ ஒற்றை எழுத்துப் போட்டு வைப்பார்கள். என் புரோகிராம் பதினாறு வரை படித்தது. பதினெட்டிலிருந்து மறுபடி படித்தது. நடுவில் இருந்த ஓர் எழுத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ஒரே நேரத்தில் ஒருபோதும் இருந்திராத இரண்டு கைகள், லைசினின் ஒன்றும் குளுட்டமைனின் ஒன்றும், தொட்டுக்கொண்டதாக நான் கணக்கு எழுதியிருக்கிறேன். நெருக்கத்துக்கு மதிப்பெண் என்பதால், நடக்கவே முடியாதது எதுவோ அதுதான் முதலிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாலரைக்குக் கீழே என்றேனே தவிர, எவ்வளவு கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவில்லை. "தண்ணி குடி மச்சி" என்று அவன் பாட்டிலை நகர்த்தினான். மூடியைத் திறக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம். அதுவும் அவளுடைய மூன்று மாதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கடையில்தான் இருப்பாள். போனில் சொல்ல வாய் வரவில்லை, தி.நகருக்கே போனேன். கடை வாசலில் நைட்டிகள் தொங்கின. உள்ளே சுடிதார்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ எங்க இங்க? துணி எடுக்கவா?"

சொன்னேன். கோர்வையாக வரவில்லை, பதினேழாவது எழுத்து, இரண்டு கை, ஒன்றேகால் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சுடிதாரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்போ அறுபத்தொண்ண எடுத்தா ஒண்ணும் ஆகாது. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"நான் மூணு தடவையும் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

"ஆமாக்கா. கோடு சரி. என் கணக்குதான் தப்பு."

"யம்மா, இந்த பச்சைல டபுள் எக்ஸெல் கீதா?" என்று ஓர் அம்மா எங்களுக்கு நடுவில் கை நீட்டினார். அக்கா திரும்பி, அலமாரியின் மேல் தட்டிலிருந்து சரியாக அதை உருவிக் கொடுத்தாள். அந்த அம்மா நகர்ந்தபின் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"தூக்கத்துல எல்லாம் கை நடுங்குற மாதிரி கனவு வந்துச்சு தெரியுமா? கடைக்கே வந்துடுறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். போன வாரமே."

எனக்கு அது தெரியாது.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு…"

"பழைய புரதம் கலந்திருக்கும்னு எல்லார் முன்னாலதான சொன்ன? இதையும் எல்லார் முன்னால சொல்லு. தனியா அவர் ரூம்ல போய் முனகாத."

சரி என்றேன். அவள் துணியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். நான் கிளம்பத் திரும்பியபோதுதான் கேட்டாள். "அந்த ரெண்டு கையும் ஒரே சமயத்துல இருக்க முடியாதுன்னா, ஒண்ணு இந்தப் பக்கம் வந்தா இன்னொண்ணு விலகித்தான ஆகணும்? விலகுறது யாரை இடிக்கும்?"

நான் யோசித்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக, உடனே வீட்டுக்கு ஓடிப்போய்க் கணினியைத் திறக்க வேண்டும் போல இருந்தது.

இன்று வியாழன். நாளை காலை பத்து மணிக்குக் கூட்டம். முதல் ஸ்லைடில் அக்காவின் மூன்று கோடுகளையும் போட்டு, அளவீடு சரி, கணிப்பு தவறு, தவறு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் அந்த எழுத்தைப் படிக்காமல் விட்ட வரி. மூன்றாவது ஸ்லைடு அக்கா வரட்டும் என்று காத்திருக்கிறது. ஏ, பி இரண்டையும் தனித்தனியாக எடுத்து, இடிக்கும் ஜோடிகளை மட்டும் கோத்துப் பார்த்தேன்: அறுபத்தொன்று நகர்ந்தால் தொண்ணூற்றெட்டு விலக வேண்டும், அது விலகினால் நூற்றிரண்டு, அப்புறம் பந்துக்கு உள்ளே இருக்கும் நாற்பத்து நான்கு. அந்த நாற்பத்து நான்கை ஒவ்வொரு கோணத்திலும் திருப்பித் திருப்பித் திரையில் பார்த்துவிட்டேன். சார் சம்மதித்தால், அக்கா அப்பாவிடம் இரண்டு மாதம் கேட்டால், அடுத்து அதை வெட்டிப் பார்ப்போம். பந்து தளருமா என்று இந்த முறை நான் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.