ரயிலில் என்னைச் சந்தேகப்பட்டவர்

பிள்ளை பிடிக்கிறவள் என்று ஒரு ரயில் பெட்டியே என்னைச் சந்தேகப்பட்ட நாளில் ஆண்டவர் எனக்கு இரங்கினார். அதை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

கடந்த நவம்பர் மாதம். சென்னையில் என் அக்காள் மெர்சி டெங்கு காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அத்தான் அவளை விட்டு நகர முடியாது. ஒன்பது மாதக் குழந்தை ஜெனியை மேலநீலிதநல்லூரில், அத்தானின் தங்கை வீட்டில் கொண்டுவிட வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை தூக்கிப் பழக்கமும் இல்லை. வேறு ஆள் கிடைக்காததால் நானே கிளம்பினேன்.

காலையில் சங்கரன்கோவில் சேர வேண்டிய ரயில் விருதுநகர் தாண்டி நின்றுவிட்டது. தண்டவாளத்தில் மழைத் தண்ணீர் என்றார்கள். மத்தியானம் ஆகியும் நகரவில்லை. பால் கரைக்க பிளாஸ்கில் வைத்திருந்த வெந்நீர் தீர்ந்தது. போனில் சார்ஜும் தீர்ந்தது. ஜெனி வீறிட்டு அழுதாள். என் தோளில் அடங்கவேயில்லை.

"இது ஒம் பிள்ளையாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

அக்கா பிள்ளை என்றேன்.

"அப்போ பெத்தவ எங்க?"

ஆஸ்பத்திரியில் என்றேன். சொல்லும்போது எனக்கே அது பொய்யைப் போலத்தான் கேட்டது. பிள்ளை கடத்தும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை ஒருவர் சத்தமாக ஓடவிட்டார். இன்னொருவர் என்னைப் படம் எடுத்தார்.

எதிர் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சிரிப்பே இல்லாத முகம். நான் எழுந்தால் அவர்களும் எழுந்தார்கள். திடீரென்று, "பிள்ளைக்கு எத்தன பல்லு மொளச்சிருக்கு?" என்று கேட்டார்கள்.

"கீழ ரெண்டு."

குனிந்து ஜெனியின் வாயைப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்துகொண்டார்கள்.

கதவோரம் போய் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னை நம்புகிற ஒரு ஆளை அனுப்பும். ஒரே ஒரு ஆள் போதும்." யாரும் வரவில்லை.

சாயங்காலம் சங்கரன்கோவிலில் இறங்கினேன். மழை விடவில்லை. "மேலநீலிதநல்லூர் ரோட்டுல தண்ணி போவுது. காலைலதான் பாக்கணும்," என்று ஆட்டோக்காரர் கைவிரித்தார். திரும்பினால் அந்த அம்மா நிற்கிறார்கள். போலீசில் பிடித்துக்கொடுக்கத்தான் பின்னாலேயே வருகிறார்கள் என்று ஜெனியை இறுக்கிக்கொண்டேன்.

"எங்கூட வா மக்கா. எங்க சபை கெஸ்ட் ஹவுஸ நாந்தான் பாத்துக்கிடுதேன்."

இவ்வளவு நேரம் முறைத்தவர்களுக்கு இப்போது என்ன கரிசனம்? நான் நம்பவில்லை. ஆனால் ஜெனிக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவளுக்காகப் போனேன்.

அந்த அம்மாவின் பெயர் ராஜகிருபை. உள்ளே போனதும் ஈரச்சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பில் வெந்நீர் வைத்தார்கள். ஜெனி கண்ணை மூடிக்கொண்டு பால் புட்டியைக் காலி செய்தாள். எனக்கு உலர்ந்த துண்டு, சூடான இட்லி, சலவை விரிப்புப் போட்ட கட்டில். அப்போதும் கதவை வெளியே இருந்து பூட்டுவார்களோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் உயிர் வந்ததும் அத்தானை வீடியோ காலில் அழைத்தேன். ராஜகிருபை அம்மா போனை வாங்கி, "தம்பி, இந்தப் பொண்ணு ஒங்களுக்கு யாரு?" என்று விசாரித்தார்கள்.

அத்தான் அழுதுவிட்டார். "என் கொழுந்தியா. எம் பிள்ளையத்தான் கொண்டு வாரா. மெர்சிக்குக் காய்ச்சல் எறங்கிட்டு. கண்ணு முழிச்சதும் ஜெனியத்தான் கேட்டா."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்கள். "ஒன்னச் சந்தேகப்பட்டேன் மக்கா, மறைக்க மாட்டேன். ரெண்டு பேரு ஒன்னைய எறக்கி அடிக்கணும்னு பேசுனானுவ. நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி நிறுத்துனேன். நெசமாவே நீ களவாணியா இருந்தா? பிள்ளைய விட்டுட்டுப் போவ மனசு வரல."

என்னை நம்புகிற ஆளைத்தான் கேட்டேன். நம்பியிருந்தால் இவர்கள் தங்கள் வழியே போயிருப்பார்கள். சந்தேகம்தான் இவர்களை எங்கள் கூடவே நடக்க வைத்தது. கட்டிலோரம் முழங்கால் போட்டு அழுதேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அம்மா கூடவே வந்து, அத்தானின் தங்கை ஜெனியை வாங்கிக்கொண்டதைப் பார்த்த பிறகே திரும்பினார்கள்.

மெர்சி இன்று சுகமாயிருக்கிறாள். ஜெனி நடக்கிறாள். முன்பெல்லாம் ஜெபிக்கும்போது பதில் எப்படி வர வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லுவேன். இப்போது தேவையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

அன்பானவர்களே, நீங்களும் உதவிக்குக் காத்திருக்கிறீர்களா? ஆண்டவரிடம் கேளுங்கள். வருகிற ஆள் கடுகடுவென்று வரலாம். உங்களையே குறுக்கு விசாரணை செய்யலாம். அவசரப்பட்டு விரட்டிவிடாதீர்கள். அவரை அனுப்பியவர் யாரென்று பொறுத்திருந்து பாருங்கள்.