ஒலிவாங்கி இல்லாமல் சொன்ன படம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கிற மில்லிக்கனில் சனம் வரிசையில் நின்று கொத்துரொட்டி வாங்குகிற கடை நான் உண்டாக்கியது. அதற்குப் பின்னால் இருக்கிற மண்டபமும் நான் கட்டியது. எட்டாம் வகுப்போடு நின்றவன், வங்கிக்காரன் முகம் கொடுத்துப் பேசாதவன் நான். என் ஸ்பானிஷ்கூட நானே தேடியதுதான். மிசிசாகாவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், பக்கத்தில் நின்ற மெக்சிக்கோக்காரர்கள் ஏசியதும் அழுததும் எனக்குப் பள்ளிக்கூடம்.

போன மாரிக் குளிரில் எங்கள் மூத்தோர் சங்கம் அந்த மண்டபத்தில் பழைய மெக்சிக்கோப் படம் ஒன்றைப் போட்டது. பாஷை என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொன்னேன்.

கதை இதுதான். ஊர்ப் பெரிய வியாபாரி ஒருவன். தேவாலயத்தில் முன்வரிசை, ஏழைகளுக்குத் தானம். வீட்டில் பெண்சாதிக்கு அடி. அவள் அலறும்போது அயலவர்கள் யன்னலைச் சாத்துகிறார்கள். விடிந்தால் அவனுக்கே தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார்கள்.

அவள் பாதிரியாரிடம் முறையிடுகிற இடத்தில் சங்கத் தலைவர் எழும்பி வந்து ஒலிவாங்கியை நிறுத்தினார்.

"போதும் அண்ணை. உது எங்கட ஆக்களுக்குச் சரிவராது. குடும்பங்கள் இருக்குதுகள்."

"குடும்பத்துக்குள்ள நடக்கிறதைத்தானே காட்டுறாங்கள். உமக்கு எங்க சுடுது தம்பி?"

சில ஆண்கள் தேத்தண்ணி குடிக்க வெளியே போய்விட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னார்: "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. பாதிரியார் அவளுக்கு என்ன சொன்னவர் எண்டு எங்களுக்குத் தெரியவேணும்."

"பொறுத்துப் போ எண்டு சொல்லுறார் பிள்ளை."

"ஓம், அதைத்தான் சொல்லுவினம்."

பெண்கள் சிரித்தார்கள். அது சந்தோசச் சிரிப்பு அல்ல. நான் தொண்டை கிழியக் கத்திக் கடைசி வசனம்வரை சொல்லி முடித்தேன்.

அந்தப் படத்தின் பேச்சு வோபர்ன் தமிழாக்கள்வரை போனது. எல்லோரும் சங்கத்தை மெச்சினார்கள். ஆண்டு விழாவில் அதே தலைவர், "பெண்களுக்காக நாங்கள் துணிந்து காட்டிய படம்" என்று பேசிப் பொன்னாடை வாங்கினார். என் பெயரை உச்சரிக்கவில்லை. முன்னால் இருந்த நான் கைதட்டவில்லை.

விழா முடிந்ததும் தலைவரிடம் போய், என் பெயர் எங்கே என்று கேட்டேன். "எல்லாரும் சேர்ந்து செய்ததுதானே அண்ணை" என்றார்.

"நீர் செய்தது நிப்பாட்டினது."

அந்த வியாபாரிக்குத் தொப்பி கழற்றிய ஊருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த கூட்டத்தில், அந்தப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது, ஒலிவாங்கியை நிறுத்தியது தானே என்றும் கடைசிவரை சொன்னவன் நான் என்றும் தலைவர் தன் வாயால் சொல்லவேண்டும். பொன்னாடையும் என் தோளுக்கு வரவேண்டும்.