குருசடிப் பாரில் விட்ட வலை

ஆன்லினுக்குக் கோபம் மூக்குநுனியில் என்று ஊர் சொல்லும். மூக்குநுனிக் கோபம் ஒரு தும்மலில் போய்விடும். இவளுடையது அடிவயிற்றில் கிடப்பது, இலேசில் போகாது. உவரிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் பெண்பிள்ளை ஒருத்தி கடலில் முங்கிப் பிழைக்கிறாள் என்றால் நாலு பேர் நாற்பது பேச்சுப் பேசாமல் இருப்பார்களா? எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கோபம் அது.

அந்தமானில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் கம்பெனி ஒன்றுக்குச் சமையல் வேலைக்குப் போனவள் அவள். வெளியூர்க்காரர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ‘இவனுவ காசு குடுத்துக் கடலப் பாக்கானுவ. கடல்ல பொறந்தவ இங்கன வெங்காயம் உரிக்கேன்’ என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே முங்கக் கற்றுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிப் புருஷன் வில்சனை என்ஜினில் உட்காரவைத்து, ஒரு ஃபைபர் படகில் ஆட்களைப் பாருக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள்.

பார் என்றால் கடலடிப் பாறைமேடு. கரையில் சிலுவை நிற்கும் குருசடிக்கு நேர் எதிரே இருப்பதால் அதற்குக் குருசடிப் பார் என்று பெயர். ஆழமில்லை. கண்ணாடி மாட்டிக் குப்புற மிதந்தாலே அடி தெரியும். அங்கே கொம்பன் திருக்கை வரும். முகத்தில் இரண்டு கொம்பு, விரித்தால் ஒரு அறை அகலத்துக்குச் சிறகு, ஆனால் வாலில் முள் கிடையாது, யாரையும் ஒன்றும் செய்யாது. பெரிய கல் ஒன்றுக்கு மேலே பைய வட்டமடிக்கும். கல்லிடுக்கிலிருந்து பொடிமீன்கள் ஏறி வந்து அதன் செவுளையும் வயிற்றையும் கொத்திச் சுத்தம் செய்யும். இடது சிறகின் நுனி இல்லாத ஒன்றுக்கு ஆன்லின் மூளி என்று பேர் வைத்திருந்தாள். மூளியை நம்பித்தான் அவள் பிழைப்பு ஓடியது. பிழைப்பு கிடக்கட்டும், மூளி மேல் அவளுக்கு உயிர்.

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவரும் மீன்பிடிக்க இறங்க மாட்டார்கள். என்ஜின் சத்தம் இல்லாமல் பார் அமைதியாகக் கிடக்கும். ஆள் கூட்டிப்போவது மீன்பிடி ஆகாது என்று ஊர்க் கமிட்டியில் சண்டை போட்டு, முதல் பூசை முடிந்ததும் படகை எடுக்க அனுமதி வாங்கியிருந்தாள். பார்ப்பக்கம் திருக்கைவலை விடுகிறவன் அவள் தம்பி ஜெபஸ்டின் ஒருவன்தான். இனி அங்கே விடமாட்டேன் என்று குருசடியில் கைவைத்து அவன் சத்தியம் செய்திருந்தான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைக் காசிலிங்கம் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“யம்மா, அது கடிச்சிராதே?”

“கடிக்காது அண்ணாச்சி. நீங்க அதத் தொடாம இருந்தாப் போதும். தொட்டாலோ தொரத்துனாலோ படகுல ஏத்தி உக்கார வச்சிருவேன், ஆமா.”

பாருக்குப் போனதும், பார்த்து வருகிறேன் என்று முதலில் அவள் இறங்கினாள். முங்கிக் கல்லைப் பார்த்து நீந்தினாள். கல்லைச் சுற்றி வலை நின்றது. அதில் மூளி. கொம்பில் ஒரு சுற்று, சிறகில் இரண்டு சுற்று. முறுக்க முறுக்க வலை இறுகிக்கொண்டே போனது. பொடிமீன்கள் ஒன்றும் புரியாமல் கல்லைச் சுற்றி அலைந்தன.

மேலே வந்து மூச்சு வாங்கினாள். வில்சன் வலையின் மிதவையைப் பார்த்துவிட்டான். நீலக் கேன், சிவப்புத் துணி. ஜெபஸ்டினுடையது.

“சனிக்கிழம சாயங்காலம் வுட்டுருக்கான், நாசமாப் போவான்! கத்தியக் குடுங்க.”

“ஏ ஆன்லின், அடுத்தவன் வலையில கத்தி வைக்காத. அவன வரச் சொல்லுவோம்.”

“பூசையில இருப்பான். வந்தாலும் இன்னைக்கு எவன் வலையத் தூக்குவான்? நாளைக்கு விடியத்தான் தூக்குவானுவ. அது நீந்துனாத்தான் மூச்சு. அதுவர கெடக்குமா?”

வில்சன் கத்தியை எடுத்தான், நீட்டவில்லை. அந்தக் கரையில் வலையை அறுப்பது ஒருவன் வயிற்றில் அடிப்பதற்குச் சமம். அறுத்தவன் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஆன்லினுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு முங்கினாள்.

ஒரு மூச்சுக்கு நாலு கண்ணி அறுபட்டது. மேலே வருவாள், தம்பியை ஏசுவாள், மறுபடி முங்குவாள். கொம்பில் இருந்த கடைசிச் சுற்று அறுந்ததும் மூளி கல்லைப்போல அடியில் இறங்கியது. செத்துப்போச்சு என்றே நினைத்தாள். பிறகு வலது சிறகு தூக்கியது. கோணலாக, தள்ளாடித் தள்ளாடி, ஆழத்துப் பக்கம் போய் மறைந்தது. பிழைக்குமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அறுந்த வலையைப் படகில் அள்ளிப் போட்டு வந்தாள். ஒளிக்கவில்லை. இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் தூக்கிப் போட்டாள்.

“ஏலே ஜெபஸ்டின், ஒன் வலைதான். நான்தான் அறுத்தேன்.”

ஜெபஸ்டின் ஓடி வந்தான். “கூடப்பொறந்தவளா நீ? எவளாவது தம்பி வலைய அறுப்பாளா? ஒரு மீனுக்காவயா?”

“சிலுவையத் தொட்டுச் சொன்னியேல! அந்த நாக்கு அழுகாதா?”

கமிட்டித் தலைவர் இன்னாசி கையை உயர்த்தினார். வலையை அறுத்தது தப்பு என்றார். ஞாயிற்றுக்கிழமை கடலில் கத்தி எடுத்தது அதைவிடத் தப்பு. திருவிழா வரைக்கும் அவள் படகு இறங்கக் கூடாது. கூடவே வந்திருந்த காசிலிங்கம், “புள்ள ஒரு சீவனத்தான காப்பாத்திச்சு” என்று இழுத்தார். “நீரு போயி துணி அளவும்வே” என்று அவர் வாயை அடைத்தான் ஜெபஸ்டின்.

ஆன்லின் அறுந்த வலையைக் காலால் தள்ளினாள்.

“படகக் கட்டிப்போடுதேன், சரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழம கடல்ல வேல செய்யக்கூடாதுன்னு வெள்ளச் சட்ட போட்டு முட்டிபோடுதிய. சனிக்கிழம வுட்ட ஒங்க வலை ராவெல்லாம் அங்கன என்ன செய்யுது? செபம் பண்ணிட்டா இருக்கு? அது புடிக்க மீனு எந்தக் கணக்கு?”

வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கலைந்து போயின.

அடுத்த சனிக்கிழமை எவனும் வலையைக் கடலில் விட்டுவிட்டு வரவில்லை. கரை நெடுக ஈரவலை கிடந்தது. அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, ஏசத்தான் செய்தார்கள். “வாய்க்காரி, வருமானத்துல மண்ணப் போட்டுட்டா” என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை படகு கட்டிக் கிடந்தது. ஆன்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே நீந்திப் போனாள். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. கல் இருந்தது. பொடிமீன்கள் மேலே ஏறி வந்து காத்திருந்தன. வெயில் ஏறும்வரை மிதந்துகொண்டே கிடந்தாள். மூளி வரவில்லை. கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி ஒன்றும் தெரியாமல் போனபோது திரும்பினாள்.

கரையில் ஜெபஸ்டின் நின்றான். ஒரு வாரமாக அக்காவிடம் பேசாதவன் முதல்முதலாக வாய் திறந்தான்.

“யக்கா, வந்துச்சா?”

அவள் நிற்கவில்லை.

“என்ட்ட ஏன் கேக்க? சத்தியம் பண்ணுன எடத்துல போயி கேளுல.”

சொல்லிவிட்டு ஈரத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவன் குருசடிப் பக்கம் திரும்பினான், போகக் கால் எழவில்லை.