குமிழி வராத புட்டி

எங்கள் தெருமுனையில் பஞ்சர் ஒட்டுகிறவருக்குக் குமிழி என்று பெயர் சூட்டியது தெருவே கூடித்தான். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, குத்தியது ஆணியா முள்ளா, ஆணியென்றால் யார் வீட்டு ஆணி என்பதுவரை சொல்லிவிடுவார். கடைசி விஷயத்தை நீங்கள் பாதி நம்பினால் போதும்.

அப்பேர்ப்பட்டவரை நாலு மாதக் குழந்தை கதிகலங்க வைத்தது. திங்கட்கிழமை அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் மகளைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. தாய் எடுத்துவைத்துப் போகும் பாலை அவள் புட்டியில் குடிக்கப் பழகியாக வேண்டும். இல்லாவிட்டால் பகல் முழுக்கப் பிள்ளை பட்டினி. கையில் இருந்ததோ ஐந்தே நாள்.

மருந்துக்கடைப் பெண்ணைக் குமிழி படுத்தாத பாடில்லை. ஒவ்வொரு புட்டியையும் திறந்து மோந்து பார்த்தார். அளவுக்கோடு அழிகிறதா என்று நகத்தால் சுரண்டினார்.

"ஏம்மா, இது வெந்நி பட்டா நெளியாதே? உள்ளே கீறல் விழுந்தா அழுக்கு தங்குமே?"

"அண்ணே, நீங்க புட்டி பாக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

கடைசியில் கை நுழைந்து கழுவக்கூடிய அகல வாய்க் கண்ணாடிப் புட்டியும், பால் மெதுவாக வரும் சின்னத் துளை நிப்பிளும் வாங்கினார். நல்ல தேர்வுதான். அத்தோடு விட்டிருக்கலாம்.

பழக்க தோஷம் யாரை விட்டது? கொதிக்கவைத்த நிப்பிளில் காற்றைப் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமுக்கினார். நுனியில் ஒரு குமிழி. சரி, அது பால் வரும் வழி. விளிம்போரத்தில் இன்னொரு குமிழி! அவருக்கு வேர்த்துவிட்டது. குண்டூசி முனையளவு ஓட்டை. இது வழியாக எந்தக் கிருமி நுழையுமோ! மிளகளவு ரப்பரை வெட்டினார், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவினார், ஒட்டினார், காயவைத்தார், மறுபடியும் கொதிக்கவைத்தார். வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் ஒட்டியதில்லை.

குழந்தை நாலு இழுப்பு இழுத்தாள். நிப்பிள் அப்பளம்போல் தட்டையாகி ஒட்டிக்கொண்டது. முகம் சிவக்க அலறினாள். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் புட்டியைக் கண்டதுமே அழுதாள்.

"என்னங்க, இவ குடிக்கவே மாட்டா போல. நான் வேலையை விட்டுடட்டுமா?" மனைவியின் குரல் உடைந்தது.

"பொறு. புட்டியை மாத்திப் பாப்போம்" என்றார். அவருக்கே சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை புட்டியோடு மருந்துக்கடைக்குப் போனார். அந்தப் பெண் நிப்பிளைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன கறுப்பா?"

"ஓட்டை நிப்பிளைக் குடுத்துட்டே. நான்தான் ஒட்டினேன்."

"எதை வச்சு?"

சொன்னார். அவள் முகம் மாறியது.

"அண்ணே, அது காத்து போற வழி. பால் வெளியே வர வர உள்ளே காத்து போகணும், இல்லேன்னா நிப்பிள் சப்பையா ஒட்டிக்கும். ஊர் வண்டிக்கெல்லாம் காத்தடிச்சுட்டு, சொந்தப் புள்ளைக்கு அடைச்சு வச்சிருக்கீங்களே! அது போகட்டும், அந்தப் பசை பால்ல பட்டிருக்கும். முதல்ல டாக்டர்கிட்ட ஓடுங்க!"

ஓடினார். கடையைப் பூட்டவும் இல்லை. மனைவியும் பிள்ளையுமாக மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அரைமணியில் பத்து வயது கூடிப்போனார். 'என் கையாலயே குடுத்தேனே' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மருத்துவர் வாயைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலை. வாந்தி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இனிமே நிப்பிளைக் கழுவுறதோட நிறுத்திக்குங்க" என்றார். வாந்தி வரவில்லை. ஆனாலும் அன்று முழுக்கக் குமிழி தொட்டிலை விட்டு நகரவில்லை.

ஞாயிறு காலை, புது நிப்பிள். மனைவி புட்டியை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பினாள், பிறகு உதட்டால் தொட்டாள், பிறகு இழுத்தாள். புட்டிக்குள் குபுகுபுவென்று ஏதோ ஏறியது.

"என்னங்க, குமிழி வருதே!"

அவர் கட்டைவிரல் தானாக எழுந்து புட்டியை நோக்கிப் போனது. சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வரட்டும்மா. நல்லா வரட்டும்."