கோடு தாண்டிய பந்து

கல்யாணமாகி ஆவடிக்கு வந்தபோது கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதைக் கையால் தொடக்கூடாது என்பது மட்டும்தான். திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊரில் பையன்கள் கபடிதான் ஆடுவார்கள். என் கணவருக்குத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே மைதானம். சாயங்காலம் சங்கு ஊதி ஷிப்ட் முடிந்ததும் தொழிற்சாலை அணி அங்கே பயிற்சிக்கு வரும். முதலில் வேடிக்கைதான் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குள் குழம்பு தீய்ந்து வாசம் வந்தால்தான் அடுப்புப் பக்கம் திரும்புவது என்றாகிவிட்டது.

என் கணவருக்கு இதில் கொஞ்சமும் ஆர்வம் கிடையாது. "அவனுவ ஓடுதானுவ, ஒனக்கு எதுக்கு மூச்சு வாங்குது?" என்பார்.

எங்கள் அணியின் கோல்கீப்பர் கீழ் வீட்டுக்காரர். வெல்டிங் பிரிவில் வேலை. முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், முன்தலை வழுக்கை, கோல்கீப்பருக்கு வேண்டிய உயரமும் இல்லை. ஆனால் பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அது எங்கே வரும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்துவிடும். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் "இன்னா தங்கச்சி, நேத்து மேட்ச் பாத்தியா?" என்று கேட்பார். நான் ஒன்றரை மணி நேர ஆட்டத்தையும் அவருக்கே திருப்பிச் சொல்வேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் எங்கள் அணி பூந்தமல்லியில் நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டது. எதிரணி நகரத்திலிருந்து வந்த ஒரு வங்கி அணி. விளையாடுவதற்கென்றே வேலை கொடுத்து வைத்திருந்த இளவட்டங்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். தனியாகப் போகவிட மனசில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். நசரத்பேட்டையிலிருந்தும் வேலப்பன்சாவடியிலிருந்தும் சைக்கிளில் வந்த கூட்டம் மைதானத்தைச் சுற்றி நின்றது. எனக்கு எங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டுக்கு நேராக ஓர் இடம் கிடைத்தது.

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. போட்டிருந்தால் வங்கிதான் போட்டிருக்கும். எங்கள் ஆள் நான்கு முறை விழுந்து தடுத்தார்.

இடைவேளைக்குப் பிறகு வங்கியின் முன்வரிசைக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து மேல் கம்பத்தின் அடியில் இடித்து, நேர் கீழே தரையில் குத்தி, எகிறி வந்து எங்கள் கோல்கீப்பர் கையில் விழுந்தது. வங்கிக்காரர்கள் "கோல்! கோல்!" என்று கத்தினார்கள். ரெஃப்ரி வெகு தூரத்தில் இருந்தார், கொடி பிடித்தவரும் பின்தங்கியிருந்தார். ரெஃப்ரி 'இல்லை' என்று கையை வீசினார். எங்கள் பக்கம் பெரிய ஆரவாரம்.

பந்து எங்கே குத்தியது என்று நான் பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே. அப்பட்டமான கோல். வாயை இறுக மூடிக்கொண்டேன். வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் கோல்கீப்பர் பந்தை உதைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு திரும்பித் தரையைப் பார்த்தார். ரெஃப்ரி அருகில் ஓடிவந்து ஏதோ கேட்டார். இவர் ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு, "உள்ள வுழுந்திச்சு சார். கோலுதான்" என்றார்.

சுற்றிலும் சத்தம் அடங்கியது. ரெஃப்ரி விசில் ஊதி, கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார். அப்புறம் கிளம்பியது பாருங்கள் கூச்சல்! "யோவ், இன்னாய்யா பண்ண நீ? பேங்குல கணக்கு கீதா ஒனக்கு?" என்று சுற்றி நின்ற எங்கள் ஆட்களே திட்டினார்கள். என் கணவர் என்னைப் பார்த்து, "இந்த மனுசனுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றார். எனக்கும் கோல்கீப்பர்மேல் அடக்கமுடியாத கோபம்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் முழுசாக நம்பமுடியவில்லை. அணியில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்டன் வந்து பந்தை வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் வேறு ஆட்களாகிவிட்டார்கள். அதுவரை களைத்து நின்ற பின்வரிசைக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். ஒரு கார்னரில் எங்கள் லேத் ஆபரேட்டர் எம்பித் தலையால் முட்டியது வலைக்குள் போனது. வங்கி திருப்பித் தாக்கியது. மிக அருகிலிருந்து வந்த இரண்டு உதைகளை எங்கள் கோல்கீப்பர் விரல் நுனியால் தள்ளிவிட்டார். இரண்டாவது முறை எழுந்தபோது முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. அவரைத் திட்டிய கூட்டம் இப்போது மூச்சுக் காட்டாமல் பார்த்தது.

முடிய இரண்டொரு நிமிஷம் இருக்கையில் அவர் பந்தை நீளமாக வீசினார். பூந்தமல்லி பஜாரிலேயே வீடு உள்ள எங்கள் எலக்ட்ரீஷியன் பையன் அதை இடது ஓரத்தில் வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, வங்கி கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே உருட்டிவிட்டான். சொந்த ஊர் மைதானம். பஜாரே துள்ளிக் குதித்தது. என் கணவர் முன்பின் தெரியாத யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்துவிட்டோம். கப்பை வாங்கிக்கொண்டு எல்லாரும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினோம். பாட்டும் விசிலும் சென்னீர்குப்பம் தாண்டியும் ஓயவில்லை. கோல்கீப்பர் எங்களுக்கு முன் சீட்டில், முழங்கையில் கைக்குட்டை கட்டி உட்கார்ந்திருந்தார். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அண்ணே, ரெஃப்ரி கேட்டப்போ ஒரு நிமிஷம் யோசிச்சீங்களே? சொல்லலாமா வேண்டாமான்னா?"

அவர் திரும்பி என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அதுல யோசிக்க இன்னாமா கீது? நான் சரியா பாத்தனானுதான் யோசிச்சேன். நான் தப்பா பாத்துட்டு சொல்லிட்டா நம்ம பசங்களுக்கு இல்ல துரோகம்? அப்பால மேட்ச் முழுக்க அதே ரோசனதான்."

"நான் கோட்டுக்கு நேரா நின்னேண்ணே. ஒரு சாண் உள்ள விழுந்துச்சு. நான் பார்த்தேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்பாடா!" என்றார். கப்பை வாங்கியபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். சீட்டில் சாய்ந்தவர், பஸ் பருத்திப்பட்டு வருவதற்குள் அத்தனை சத்தத்திலும் தூங்கிப்போனார்.