மதிலைத் தாண்டினால் எத்தனை ஓட்டம்

"ஆறு" என்று சொன்னதற்காக ஒரு குசினியே என்னைப் பார்த்துச் சிரித்தது.

டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினி அது. நான் மரக்கறி வெட்டுவேன், என் கணவர் கோப்பை கழுவுவார். எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்து எங்களுக்கு அது இரண்டாவது கோடை. குசினி வானொலியில் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்து அணியின் பேஸ்பால் ஆட்டம் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். தலைமைச் சமையற்காரருக்கு அதில் பைத்தியம். ஆட்டம் நிற்கும் நேரமெல்லாம் கையிலிருந்த கரண்டியை நீட்டி, அகப்பட்டவரிடம் அணியைப் பற்றிக் கேள்வி கேட்பார். அன்று நான் அகப்பட்டேன். அடித்த பந்து மதிலைத் தாண்டிப் போனால் எத்தனை ஓட்டம்? கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? சத்தமாகவே சொன்னேன்.

சிரித்து முடித்த பிறகு விளக்கினார்கள். அடித்தவர் மட்டும் ஓடி வந்தால் ஒன்று. நடுவில் மற்ற ஆட்கள் நின்றால் அவர்களும் வருவார்கள். ஆகக் கூடினால் நாலு.

"இதென்ன விசர் விளையாட்டு? மதிலுக்கு வெளியில அடிச்சாலும் ஒண்டுதானோ?" என்று கணவரிடம் தமிழில் கத்தினேன்.

"சும்மா இருமப்பா. அவையின்ரை விளையாட்டு, அவைக்குத் தெரியும்."

எனக்குக் கொதி வந்தது. அவர்களுடைய விளையாட்டு, அவர்களுடைய மொழி, அவர்களுடைய வீடு. நாங்கள் மட்டும் சும்மா இருக்க வேண்டும். நல்ல ஞாயம்!

அன்று மாலையே எங்கள் தெருவின் மூலைக்கடையில், இங்கே டெபனர் என்பார்கள், ஒரு சூயிங்கம் பைக்கற் வாங்கினேன். உள்ளே ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் இருக்கும். பின்பக்கத்தில் அவர் எந்த ஊர், இடக்கையா வலக்கையா என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்திருப்பார்கள். எங்களுக்குத்தான் சோதனைக்குப் படிக்கத் தெரியுமே. கொப்பியின் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. மெட்ரோவில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி இடம் கொடுப்பார்கள். கடையில் ஒரு றாத்தல் பாண் கேட்கத் தெரியும் முன்னமே எனக்கு "இடக்கைப் பந்துவீச்சாளர்" என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியும்.

அட்டைகள் முடிந்ததும் நூலகத்துக்குப் போய்ப் பழைய பேப்பர்களைப் புரட்டினேன். அமெரிக்காவுக்கு வெளியேயிருந்து பெரிய லீக்குக்குள் நுழைந்த முதல் அணி இதுதான். பெரிய அரங்கு வருமுன் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஜாரி பூங்காவில்தான் ஆடியிருக்கிறார்கள். ஓங்கி அடித்த பந்து பக்கத்து நீச்சல் குளத்தில் போய் விழுமாம். அணி தொடங்கி இரண்டு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் அவர்களுடைய பந்துவீச்சாளர் ஒருவர் ஒரு ஆட்டம் முழுக்க எதிரணியை ஒரு பந்தையும் உருப்படியாக அடிக்க விடவில்லை. இந்த நகரம் இன்னும் மறக்காத ஒரு திங்கட்கிழமையையும் தெரிந்துகொண்டேன். இறுதிப் போட்டிக்குப் போகவிருந்த இந்த அணியை, கடைசிச் சுற்றில் எதிரணி அடித்து மதிலைத் தாண்டிய ஒரே ஒரு பந்து வீட்டுக்கு அனுப்பிய நாள். அந்தப் பந்துக்கும் ஒரு ஓட்டம்தான். அந்த ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

கோடை முடியுமுன் சமையற்காரர் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். நான் அவரிடம் கேட்கத் தொடங்கினேன்.

அடுத்த வசந்தத்தில் எனக்கு வயிற்றில் பிள்ளை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். குளியலறைக்கே வரிசை. பிறக்கப்போகும் பிள்ளையைக் கிடத்த ஒரு மூலை கிடையாது. இந்த நகரத்தில் பெரும்பாலும் எல்லாரும் ஒரே நாளில், ஜூலை முதலாம் திகதி, வீடு மாறுவார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் பிறகு கிடைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. எனக்கு ஆகஸ்டில் நாள் குறித்திருந்தார்கள்.

தொலைபேசியில் கேட்டால் எல்லா வீடும் காலியாக இருக்கும். என்னுடைய அட்டைப் பிரெஞ்சு அந்தளவுக்குக் கைகொடுத்தது. நேரே போய் முகத்தைக் காட்டினால் வீடு போய்விட்டது என்பார்கள். கணவர் அதற்கும் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்குவார்.

ஜூன் கடைசியில் வில்லரே என்ற பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனோம். யன்னலில் "வாடகைக்கு" என்ற பலகை தொங்கியது. அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா கதவைத் திறந்தார். உள்ளே வானொலியில் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.

"வீடு போய்விட்டது."

"மெர்சி" என்று கணவர் திரும்பினார். நான் அசையவில்லை.

"மடாம், ஒரு கேள்வி. கறுப்பர்களைச் சேர்க்காமல் வைத்திருந்த பெரிய லீக்கின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனாரே ஒரு கறுப்பின ஆட்டக்காரர், அவர் அதற்கு முந்தின வருஷம் எந்த நகரத்தில் ஆடினார்?"

அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இங்கேதான்!" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அந்தக் கோடையில் அவரும் மனைவியும் எங்கே குடியிருந்தார்கள்?"

"இங்கே. வில்லரேயில்." இப்போது சத்தம் குறைந்திருந்தது.

"இஞ்சாரும், வாருமப்பா போவம்" என்று கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் வரேல்லை." அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். "அந்த மனைவி பிள்ளைத்தாச்சி. வாடகைக்கு வீடு தேடிப் போனார். கதவைத் திறந்த வீட்டுக்காரி என்ன செய்தார்?"

ஆட்டத்தில் யாரோ பந்தை நன்றாக அடித்திருக்க வேண்டும், வானொலியில் ஒரே ஆரவாரம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நானே சொல்கிறேன். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். வீட்டோடு தன் பாத்திரங்களையும் பாவிக்க விட்டார். நீங்கள் எல்லாரும் அதைத்தானே சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறீர்கள்? வீடு போய்விட்டதென்றால் அந்தப் பலகையைக் கழற்றுங்கள், மடாம். அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

சொல்லிவிட்டு வெளிப்படியில் குந்தி இருந்துவிட்டேன். அந்த அம்மா பொலிசைக் கூப்பிட்டால் எங்கள் அகதி விண்ணப்பம் என்ன ஆகும் என்று கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா யன்னலுக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கை பலகையைத் தொட்டது. வெறும் கயிற்றில் தொங்கிய பலகை, ஒரு பிள்ளைகூடக் கழற்றிவிடும். அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு கீழே போய்விட்டது.

திரும்பி வந்தபோது மேல்வீட்டுக் கதவின் திறப்புக் கொத்தைக் கிலுக்கிக்கொண்டு வந்தார்.

"மூன்றாம் மாடி. படி செங்குத்து. இந்த வயிற்றோடு ஏறுவீர்களா?"

"ஏறுவேன்."

ஏறினேன். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், ஆனால் கைபிடியைப் பிடிக்கவில்லை. வெளிச்சமான வீடு. பின் அறையில் ஒரு தொட்டில் தாராளமாக வைக்கலாம். அங்கேயே, குசினித் திட்டின்மேல் வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம்.

அந்த அம்மா தேநீர் தரவில்லை. தராவிட்டால் போகட்டும், நான் திறப்புக்குப் போனவள். கீழே இறங்கி வந்து, அவரைக் கேட்காமலே அவருடைய வீட்டுக்குள் நுழைந்து யன்னலடிக்குப் போய், அந்தப் பலகையை என் கையாலேயே கழற்றினேன்.